என் மல்லிகைகளைக் கொன்றது யார்

முதல் மல்லிகைச் செடி தலை தொங்கிய காலையில் எனக்குத் தோன்றியது "அடடா, என்ன வெயில்" என்பதல்ல. "பக்கத்து வீட்டுக்காரன் வேலையாகத்தான் இருக்கும்" என்பதே.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பெரிய வெட்கம் ஒன்றுமில்லை, நடுத்தரமான வெட்கம். அந்த வருடம், அறுபதுகளின் தொடக்கத்தில், மழை நின்று மாதக்கணக்காகியிருந்தது. சிராங்கூன் சாலையில் நடந்தால் செருப்பில் தார் ஒட்டியது. பக்கத்துத் திடலில் புல் கருகி, பந்து உருண்ட இடமெல்லாம் தூசி எழுந்தது. வாரத்தில் சில நாள் குழாயில் தண்ணீரே வராது என்று அட்டவணை போட்டு நிறுத்தினார்கள். செடிகொடிக்குக் குழாய்த் தண்ணீரைச் செலவழிக்காதீர்கள் என்று வானொலி கெஞ்சியது. தேக்கா சந்தையில் கீரைக்கட்டு நோயாளி மாதிரி படுத்துக் கிடந்தது. தீவில் பச்சையாக இருந்ததெல்லாம் பழுப்பாகிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுப் பின்கட்டில் ஒரு டின்னில் நின்ற செடி மட்டும் சதியால் வாடியது என்று முடிவு கட்டினேன். அதற்குத் தனி மூளை வேண்டும். எனக்கு இருந்தது.

எங்கள் வீடு சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வரிசை வீடுகளில் ஒன்று. பின்னால் சிமெண்டு போட்ட பின்கட்டு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர். சுவரின் அடியில் ஓர் ஓட்டை. அவர்கள் வீட்டுத் தண்ணீர் அதன் வழியாக எங்கள் பக்கம் வந்து சாக்கடைக்குப் போகும். சுவரோரம் என் தோட்டம். தோட்டம் என்றால் ஏழு மண்ணெண்ணெய் டின்கள். ஒரு கறிவேப்பிலை, ஒரு வெற்றிலைக் கொடி, இரண்டு மிளகாய், மூன்று மல்லிகை. சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய மூன்று ரோஜா டின்கள்.

அவன் என்று எழுதுகிறேனே தவிர நேரில் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் டிரெசர், புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிற உத்தியோகம். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். பத்து வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான், ஒரு நாள் சண்டை போட்டதில்லை. அதுதான் பிறகு எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. பத்து வருடம் ஒருவன் சண்டையே போடவில்லை என்றால் எதையோ மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

மூன்று மல்லிகைக்காக நான் ஏன் இத்தனை ஆட்டம் ஆடினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஈப்போக்காரர், கல்யாணம் முடிந்ததும் மகள் அங்கே போய்விடுவாள். நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் வீட்டார் வந்தபோது, மல்லிகை மூன்றும் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் பின்கட்டுக்கு இழுத்துப் போய், செடிகளைச் சொந்தக்காரர்கள் மாதிரி அறிமுகம் செய்துவைத்து, "தாலி கட்டும்போது என் மகள் தலையில் இருப்பது இந்த வீட்டுப் பூவாகத்தான் இருக்கும்" என்று சொன்னேன். மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்பா ஆரம்பித்துவிட்டார் என்கிற பார்வை.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, கப்பலில் யானை வந்திருக்கிறது, சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். சும்மா ஒரு வேடிக்கை. சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், யானை நிற்பதற்காகப் பின்கட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஒரு தட்டில் இரண்டு வாழைப்பழமும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் ஒரு முறை அம்மாவைப் பார்த்து உறுதி செய்துகொள்கிற பழக்கம் வந்துவிட்டது. ஊரையெல்லாம் சிரிக்கவைத்தவனுக்கு வீட்டில் ஒரு வார்த்தைக்கு மதிப்பில்லை. ஈப்போ ரயிலில் அவள் ஏறுவதற்கு முன் ஒரே ஒரு தடவையாவது நான் சொன்னது நடக்க வேண்டும் என்று இருந்தது. மூன்று மல்லிகையும் அதற்காகத்தான் நின்றன.

சந்தேகப்படுவது எனக்குத் தொழிலும்கூட. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. நூறு மூட்டை இறங்கினால் நூறும் இறங்கின என்று நம்பக் கூடாது, அதற்குத்தான் சம்பளம். வெங்காய மூட்டைத் தையலில் வெள்ளைச் சாக்கட்டியால் கோடு இழுத்து வைப்போம். மறுநாள் கோடு விலகியிருந்தால் யாரோ பிரித்துத் தைத்திருக்கிறார்கள். இருபது வருடம் இப்படி மூட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மனைவியின் தலைப் பின்னலைக்கூட யாராவது பிரித்துப் பின்னினார்களா என்றுதான் கண் போகும்.

ஆக, விசாரணையைத் தொடங்கினேன். மல்லிகை டின்களைச் சுற்றித் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். டின் நகர்ந்தால் தெரிந்துவிடும். நகரவில்லை. பிறகு கோலமாவை எடுத்துச் சுவரோரம் முழுக்கத் தூவி வைத்தேன். வருகிறவன் கால்தடம் பதியும். காலையில் எழுந்து பார்த்தால் பதிந்திருந்தது. நூலால் நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த செருப்போடு யாரும் பார்க்காதபோது வைத்துப் பார்த்தேன். அரை விரற்கடை பொருந்தவில்லை. யோசித்துக்கொண்டே என் காலை அந்தத் தடத்தில் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. தூவிவிட்டுத் திரும்பியபோது நானே மிதித்திருக்கிறேன். கோலமாவு தேடி வந்த எறும்பு மட்டும் ஒரு வாரம் போகவில்லை.

அதற்குள் மிளகாய் இரண்டும் செத்துவிட்டன. வெற்றிலைக் கொடி சுவரில் காய்ந்த நரம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை மொட்டையடித்துக்கொண்டது. இந்த நான்கையும் நான் வழக்கில் சேர்க்கவில்லை. மிளகாய்க்கு ஆயுள் அவ்வளவுதான், வெற்றிலை எப்போதும் செல்லம், கறிவேப்பிலை திரும்பத் துளிர்க்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயில் கொன்றவை அவை. மல்லிகையை மட்டும் மனிதன் கொல்கிறான். எப்படிப்பட்ட சட்ட ஞானம் பாருங்கள்.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்ற கிளைச் சந்தேகமும் வந்தது. மனைவியிடம் செடிகளுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடச் சொன்னேன். பிள்ளைக்குச் சுற்றலாம், மாட்டுக்குக்கூடச் சுற்றலாம், மண்ணெண்ணெய் டின்னுக்குச் சுற்றினால் சந்தே சிரிக்கும் என்று மறுத்துவிட்டாள். சரி, நானே செய்தேன். கை நிறையக் கல் உப்பு, இரண்டு வரமிளகாய். மல்லிகைகளை மூன்று முறை சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டு, உப்பைச் செம்புத் தண்ணீரில் கரைப்பது. உப்பு கரைகிற மாதிரி கண்ணேறும் கரைய வேண்டும். கரைத்த தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும், அதுதான் வழக்கம்.

எங்கள் பின்கட்டில் கால் படாத இடம் ஏது? குளிப்பது அங்கே, துவைப்பது அங்கே, பாத்திரம் தேய்ப்பது அங்கே. அந்த ஒரு செம்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவும் மனம் வரவில்லை. குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்கிற காலம். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. டின்னுக்குள் யார் கால் வைக்கப் போகிறார்கள்? ஆகவே மல்லிகை வேரிலேயே ஊற்றினேன். கண்ணேறும் கழிந்தது, செடிக்கும் ஒரு வாய் தண்ணீர். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். செடி இன்னும் வாடவே செவ்வாயும் சேர்த்தேன். பிறகு தினமும்.

இரண்டு வாரத்தில் டின் மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்றால், பல வருடம் தேடிய திருடனின் சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி இருந்தது. எவனோ என் மல்லிகைக்கு உப்பு போடுகிறான். நாக்கில் உப்போடு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கே அவன் ரோஜா சிவப்பாகப் பூத்திருந்தது. தினமும் கையால் உப்பை அள்ளிக் கரைக்கிறவன் நான்தான் என்பது அப்போது நினைவுக்கு வந்ததா என்று கேட்காதீர்கள். அது சாமி காரியம். இது கொலை. இரண்டும் மண்டையில் வேறு வேறு அறையில் இருந்தன. நடுவில் கதவு இல்லை.

ரோஜாவைக் கவனிக்கத் தொடங்கினேன். கிட்டங்கியில் வைத்திருப்பது போல ஒரு சின்ன நோட்டு. திங்கள்: ரோஜா ஆறு, தண்ணீர் ஊற்றவில்லை. செவ்வாய்: ரோஜா ஆறு, தண்ணீர் ஊற்றவில்லை. புதன்: ஆறு. இப்படியே பத்து நாள். ஊரே வறண்டு கிடக்க, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஆறு ரோஜா அப்படியே நிற்கிறது. ஓர் இதழ் உதிரவில்லை. எனக்குத் தோன்றியது என்ன? ஆள் இல்லாத நேரத்தில், பின்கட்டில் நான் தண்ணீர் பிடித்து வைக்கிற பீப்பாயிலிருந்து திருடி ஊற்றுகிறான். எண்ணிக்கை மாறாமல் இருப்பதைக் கண்டால் கிட்டங்கியில் நாங்கள் சந்தோஷப்படுவோம். அதனால் அந்த ஆறு ஏன் ஐந்தாகவோ ஏழாகவோ ஆகவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை.

அவன் நடவடிக்கையும் சரியில்லை. நான் சுவரோரம் போனால் அவன் ரோஜாவுக்கு முன்னால் வந்து நின்றுகொள்வான். ஒரு நாள் கோணிப்பையைத் தட்டி மாதிரி கட்டி மறைத்தான். அவன் மனைவி என்னைப் பார்த்தால் சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அதை என் கண்ணால் பார்த்தேன். குற்ற உணர்ச்சி இல்லாதவள் எதற்கு என்னைக் கண்டு சிலுவை போடுகிறாள்?

கடைசியில் ஒரு சாயந்திரம் கேட்டுவிடுவது என்று போனேன். நேரடியாகக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. வேடிக்கைக்காரனுக்கு எல்லாவற்றையும் பக்கவாட்டில்தான் கேட்க வரும். ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் நிறைய மிஞ்சுமாமே என்று ஆரம்பித்தேன். புண் கழுவுகிற உப்புத் தண்ணீரைத்தான் சொன்னேன். மிஞ்சினால் கொட்டிவிடுவோம் என்றான். எங்கே கொட்டுவீர்கள் என்றேன். அவன் முகம் மாறியது. உங்கள் ரோஜா நன்றாகப் பூத்திருக்கிறதே, கிட்டே வந்து மோந்து பார்க்கலாமா என்று சுவர்மேல் காலைத் தூக்கினேன். இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"வேணாண்ணே. இந்தப் பக்கம் வராதீங்க."

"ஏன் தம்பி, பூவ மோந்தா கொறைஞ்சுருமா?"

"வராதீங்கன்னா வராதீங்கலா."

பத்து வருடத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். நான் தூக்கிய காலை இறக்கிக்கொண்டு, வெற்றி பெற்றவன் மாதிரி உள்ளே வந்தேன். வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. மகள் பூவைப் பற்றி ஒரு தடவை கேட்டாள். மொட்டு வைத்துக்கொண்டிருக்கிறது என்றேன். குளிக்க வருகிறவள் செடியைப் பார்க்காமல் இருக்க, டின்களுக்கு முன்னால் ஒரு கோணியைத் தொங்கவிட்டு, அங்கே ஓணான் இருக்கிறது என்றும் சொன்னேன். ஓணானுக்கு அவள் பயப்படுவாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை வந்தது. சுமத்ரா பக்கமிருந்து வருகிற காற்று முதலில் வந்து, காயப்போட்ட துணியையெல்லாம் சந்து முழுக்க வாரி இறைத்தது. பிறகு வானம் அப்படியே கவிழ்ந்தது. சந்தே வெளியில் ஓடி வந்தது. வாளி, குடம், இட்லிப் பானை, குழந்தை குளிக்கிற தொட்டி, கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டு வந்து வைத்தார்கள். நானும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு பின்கட்டில் நின்றேன். காற்றில் மல்லிகை டின் ஒன்று சாய்ந்து உருண்டது. அதை நிமிர்த்தக் குனிந்தபோதுதான் பார்த்தேன், சுவர் ஓட்டை வழியாகச் சிவப்பாகத் தண்ணீர் வருகிறது.

ரத்தம் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? ஆஸ்பத்திரிக்காரன் வீடு. இத்தனை நாள் நான் அவனைப் பற்றி நினைத்ததெல்லாம் சேர்ந்து, அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, என் வயிற்றெரிச்சல்தான் பலித்துவிட்டது என்று என்னை விரட்டியது. சுவரைத் தாண்டினேன். தாண்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கைலி தடுக்கி, அந்தப் பக்கம் ஈரச் சிமெண்டில் குப்புற விழுந்து, பிடிமானத்துக்கு ரோஜாவைப் பிடித்தேன். கையோடு வந்துவிட்டது. முள் குத்தியது நிஜம். பூ நிஜமில்லை. கசங்கிய சிவப்புக் காகிதம் என் உள்ளங்கையில் கூழாகி, விரலிடுக்கில் சாயம் ஒழுகியது. மீதி ஐந்து பூவும் காய்ந்த குச்சியில் நூலால் கட்டியபடி தொங்கி அழுதுகொண்டிருந்தன.

அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அத்தனை அவமானம். என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, தொழில் பழக்கத்தில் முழங்காலைக் கழுவி மருந்து போட்டுக்கொண்டே சொன்னான். ரோஜா செத்து ஒன்றரை மாதமாகிறதாம். மாதா கோயில் திருநாளுக்குப் பீடத்தில் வைக்க வீட்டு ரோஜாதான் தருவேன் என்று கோயிலில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தானாம். வெயில் பொசுக்கிவிட்டது. சொன்ன வாயைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அவன் மனைவி பீடத்துக்குக் காகிதப் பூ செய்கிறவள். கோயில்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தால் பூத்திருக்கிற மாதிரி தெரியட்டும் என்று ஆறு பூ செய்து குச்சியில் கட்டினாள். திருநாள் முடிந்த பிறகும் அவிழ்க்க மனம் வரவில்லை. நான் கிட்டே வந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சந்து முழுக்க வேடிக்கை பண்ணிவிடுவேன் என்று பயம். அந்தப் பயம் நியாயமானது, நிச்சயம் செய்திருப்பேன்.

பிறகு கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் கேட்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துல செம்புல எதையோ சுத்திச் சுத்தி ஊத்துறீங்களே, அது என்னா?"

அவன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்தாள். அவர்கள் ரோஜா செத்ததற்குக் காரணம் நான் வைக்கிற செய்வினை என்று அவள் நம்பியிருக்கிறாள். சிலுவை போட்டது அதற்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்வினையும் இல்லை ஒன்றும் இல்லை, கண்ணேறு கழிக்கிறேன், வெறும் உப்புத் தண்ணீர் என்றேன்.

"எங்க ஊத்துனீங்க?"

"செடிக்குத்தான். வேர்ல."

சொல்லும்போதே மண்டையில் இரண்டு அறைக்கும் நடுவில் இல்லாத கதவு திறந்துகொண்டது. அவன் பஞ்சைக் கீழே வைத்தான். சிரிப்பான் என்று காத்திருந்தேன். நான் அவன் இடத்தில் இருந்தால் தரையில் உருண்டிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து என்னையும் கூட்டிக்கொண்டு மழையிலேயே சுவரைத் தாண்டி வந்து, மூன்று மல்லிகைத் தண்டிலும் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வோர் இடமாகக் கீறிப் பார்த்தான். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். மேலிருந்து கீழே வேர்வரை கீறினான். எங்கும் காய்ந்த பழுப்பு.

நான் உப்பு போட்டுக் கொன்றுவிட்டேன் என்றேன். அவன் என் மிளகாய் டின்னைக் காட்டினான், வெற்றிலையைக் காட்டினான், கறிவேப்பிலையைக் கீறிக் காட்டினான். அதற்கெல்லாம் நான் உப்பு போடவில்லையே.

"வெயில் கொன்னுருச்சுண்ணே. உப்பு சும்மா கூட நின்னுச்சு, அவ்வளவுதான். எனக்கும் அதே வெயில்தானே."

அவன் சொன்னதில் எவ்வளவு மருத்துவம், எவ்வளவு தயவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், உப்பைவிட அந்த வார்த்தைதான் விழுங்கக் கஷ்டமாக இருந்தது. உப்பு என்றால் நான் குற்றவாளி. பக்கத்து வீட்டான் என்றால் அவன் குற்றவாளி. இரண்டில் எதுவானாலும் கோபப்பட ஒரு முகம் இருக்கும். வெயிலை எந்தக் காலரைப் பிடித்து உலுக்குவது? அது என் மகள் கல்யாணத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. திடல் புல்லையும் தேக்கா கீரையையும் எப்படிக் காய்ச்சியதோ அப்படியே என் டின்னையும் காய்ச்சிவிட்டுப் போயிருக்கிறது. நான் அதற்கு முக்கியமான ஆளே இல்லை. இத்தனை நாள் நோட்டும் நூலும் கோலமாவுமாக நான் அலைந்தது, அந்த ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் என்று அன்றைக்கு அரைகுறையாகப் புரிந்தது.

அரைகுறையாகத்தான். ஏனென்றால் அதற்குப் பிறகும் நான்கு நாள் காத்திருந்தேன். மழையில் நனைந்தால் வேர் உயிர்த்துவிடும் என்று காலையிலும் மாலையிலும் நகத்தால் கீறிக் கீறி, ஒரு மல்லிகையைப் பட்டை இல்லாத குச்சியாக்கிவிட்டேன். ஐந்தாம் நாள் மகளைக் கூப்பிட்டேன்.

"அம்மா, மல்லிகை மூணும் செத்துப்போச்சு."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, என் வேடிக்கைகளுக்கு வழக்கமாகத் தருகிற சிரிப்பு. நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். இன்னும் சிரித்தாள். சமையலறையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். மனைவி கரண்டியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். என் மகள் முகத்தில் சிரிப்பு அடங்கிய விதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பின்கட்டுக்கு வந்தாள். ஓணான் எங்கே என்று கேட்கவில்லை. டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் வேரோடு கையில் வந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

ஒரு மாதத்துக்கு மேல் என்றேன்.

"ஏம்ப்பா சொல்லல?"

நாக்கில் மூன்று வேடிக்கை வரிசையில் வந்து நின்றன. மூன்றும் நன்றாகவே இருந்தன. "யார் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்று உள்ளதைச் சொன்னேன். யார் செய்தது என்று கேட்டாள். யாருமில்லை, வெயில் என்றேன். அவள் அந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, அழுகையா என்று குனிந்திருந்த தலையில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபது வருடத்துக் கிராணிக்கு அன்றைக்கு ஒன்றும் எண்ணத் தெரியவில்லை.

"கல்யாணத்தன்னிக்குக் கடைப் பூ நீங்க போயி வாங்கிட்டு வாங்க. வேற யாரையும் அனுப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

கல்யாணத்தன்றைக்கு விடிந்ததும் போனேன். சிராங்கூன் சாலையில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் பூக்கட்டுகிற கடை. நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்து இன்றைய பூவாக்குகிற வித்தை எனக்குத் தெரியும் என்பதால், கட்டி வைத்த சரத்தை வாங்க மறுத்து, என் கண் முன்னால் புதிதாகக் கட்டச் சொன்னேன். ஒவ்வொரு மொட்டாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பூக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். பாதிச் சரத்தில், இது கழுத்துக்கா தலைக்கா, இல்லை போலீஸ் ஸ்டேஷனுக்கா என்று மட்டும் கேட்டார். வாழையிலையில் சுற்றி வாங்கிக்கொண்டு திரிஷா சைக்கிள் வண்டியில் ஏறி, மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வாங்கி, மோந்து பார்க்காமல், யாரையும் பார்க்காமல் வைத்துக்கொண்டாள்.

கோயில் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வேட்டியை மடித்துக்கொண்டு சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா எனக்கு எதிர் இலையில். நிச்சயதார்த்தத்துக்கு வந்து மல்லிகைகளைப் பார்த்தவர். மணமக்களும் எங்களுக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா என் மகள் தலையைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "அப்ப இது உங்க வீட்டுப் பூ, இல்லீங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொன்னால் அவ்வளவுதான், முடிந்தது. மல்லிகைக்கு எந்த டின்னில் பிறந்தோம் என்று சொல்லவா தெரியும்? மகள் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தியிருந்தாள். இந்த முறை அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

கடைப் பூ என்றேன். வீட்டுச் செடி மூன்றும் செத்துப்போய்விட்டன என்றேன். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று நல்ல செடி ஒரே நேரத்தில் சும்மா சாகாது. ஈப்போவில் அவர் எலுமிச்சைக்கு இப்படித்தான் நடந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது பொறாமைக்காரன் எதையாவது ஊற்றியிருப்பான், நன்றாக விசாரித்துப் பாருங்கள் என்று விளக்கினார். சாம்பார் வாளி என் இலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. கரண்டி வாளிக்குள்ளேயே இருந்தது.

"இல்லீங்க" என்றேன். "விசாரிச்சுட்டேன். வெயில்தான்."

பெரியப்பா நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டார். தம்பி குனிந்து, நான் போதும் போதும் என்று கையை நீட்டி மறைத்தும் கேட்காமல், இலையே மிதக்கிற அளவுக்குச் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தான். மகள் சாப்பிடத் தொடங்கினாள்.